தலைகீழாகத் தொங்கிய கறுப்பு சாஜ்

போன தை மாதம் எங்கள் ஜீவனஹள்ளித் தெருவில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வந்து நின்றது. பேண்டுக்காரர்கள் தங்களுக்குள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கீரை வாங்க வந்த நான், கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சாரட்டுக் குதிரையிடம் போய் அதன் மார்ப்பட்டைக்குள் இரண்டு விரலை விட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. போன கை ஒன்றும் புரியாமல் திரும்பி வந்தது. அது தோல் இல்லை, நைலான்.

வண்டியோடு வந்த பெண் ஜீன்ஸ் போட்டிருந்தாள். பெயர் கவிதா என்று பிறகு தெரிந்தது. "ஆன்ட்டி, தொடாதீங்க, கடிச்சிரும்" என்றாள்.

"என்னை எந்தக் குதிரையும் கடிச்சதில்ல. இந்தப் பட்டையெல்லாம் எப்படிம்மா பாத்துக்கறே?"

"இதையா? பைப்ல தண்ணி அடிச்சா முடிஞ்சுது. எண்ணெ வேணாம், சோப்பு வேணாம்."

"பிஞ்சுபோவப் போவுதுன்னா எப்படித் தெரியும்?"

"பிய்யாதுன்னு கம்பெனில சொல்லியிருக்காங்க."

பேண்டு முழங்கியது, போய்விட்டார்கள். அடுத்த வாரம் அந்தப் பெண் விசாரித்து விசாரித்து என் வீட்டுக்கே வந்துவிட்டாள். சாரட்டு வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். அதற்கு என் வேலை அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துப் பிழையை மருமகள் பார்த்தாள். விஷயத்தில் அவளைக் கை வைக்க விடவில்லை.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரைத் துடைப்பது எப்படி, தைப்பது எப்படி என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எந்த வார் தாங்கும், எது தாங்காது என்று நான் எப்படித் தெரிந்துகொண்டிருந்தேன் என்பதில் எனக்கே இன்னும் குழப்பம் தீரவில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுத முடியும்.

எனக்குத் தோல் புதிதல்ல. அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் வேலை. அந்த வாடைக்கு யாராவது மூக்கைச் சுளித்தால் நான் அவர்கள் காலைப் பார்ப்பேன். தோல் செருப்போடுதான் நிற்பார்கள். கட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் செருப்புப் பட்டறையில் மேல்தோல் தைப்பவர். தொண்ணூற்றொன்றில் பட்டறையை மூடிவிட்டார்கள். அவர் ஒரு பக்கம் வேலை தேடினார், நான் ஒரு பக்கம் தேடினேன். எனக்குத்தான் முதலில் கிடைத்தது. அல்சூர் ஏரிக்கு மேல்புறம், கல்யாணத்துக்குச் சாரட்டு விடுகிற ஒரு குதிரை லாயம். குதிரையை வண்டியில் பூட்டுவதற்கு வேண்டிய வார், பட்டை, தலைக்கு மாட்டும் கடிவாளம், கையில் பிடிக்கும் லகான் எல்லாவற்றையும் சேர்த்து அங்கே சாஜ் என்பார்கள். அந்த சாஜைக் கழுவித் துடைக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்றார்கள். கழுவப் போனவள் நான். வீட்டுக்காரரின் குத்தூசியையும் மெழுகு நூலையும் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய், பிய்ந்த இடத்தைத் தைக்கவும் ஆரம்பித்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச காலத்தில் சாஜ் அறைச் சாவி என் இடுப்பில் இருந்தது. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

லாயத்துக்குப் பெரியவர் சுபேதார். பட்டாளத்தில் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் கோபப்பட்டும் நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காலையில் தொழுகை முடித்துக் கையில் டீ கிளாஸோடு வருவார். சுவரில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு சாஜ். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று முகர்ந்து பார்ப்பார். வேர்வை சரியாகத் துடைக்காத தோல் புளித்த மாவு மாதிரி வாடை அடிக்கும். அவருக்கு அது நாலு கொக்கி தள்ளி நிற்கும்போதே தெரிந்துவிடும்.

நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். நன்றாக இல்லை என்றும் சொல்ல மாட்டார். பிடிக்காத சாஜைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போய்விடுவார். கழுத்துப் பக்கம் மேலே இருக்க வேண்டியது தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கும். அதற்கு லாயத்தில் ஒரே அர்த்தம்தான். இதில் ஏதோ சரியில்லை, அது என்னவென்று கண்டுபிடிக்காமல் குதிரை மேல் போடாதே.

முதல் தடவை மாட்டியபோது நான் பின்னாலேயே ஓடினேன். "என்ன தப்புங்க ஐயா?"

"தேக்கோ" என்றார். பார் என்று அர்த்தம். டீயை ஊதிக்கொண்டே போய்விட்டார்.

பார்த்தேன். மத்தியானம்வரை பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் விரல்தான் கண்டுபிடித்தது. பக்கிளுக்குள் நுழைந்து வார் மடிகிற இடம் இருக்கிறதே, அங்கே உள்ளே வேர்வை உப்பு இறங்கித் தையல் வெளுத்திருந்தது. நகத்தால் இழுத்தேன், நூல் கையோடு வந்தது. அதோடு குதிரையைப் பூட்டியிருந்தால்?

அதன் பிறகு எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறார். ஒரு தடவை, இடது இழுவார் வலதைவிட ஒரு ஓட்டை நீளம். இழுவார் என்பது குதிரையின் மார்பிலிருந்து வண்டிக்குப் போகிற நீள வார். இரண்டும் ஒரே அளவு இல்லையென்றால் ஒரு தோள் புண்ணாகும். இன்னொரு தடவை, வால் அடியில் போகிற வாரில் எலி கடித்த இடம். உப்பும் எண்ணெயும் எலிக்குப் பலகாரம். இன்னொரு தடவை, முதுகு மெத்தைக்குள் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும் தேடினேன். ஒரு தடவைகூட வெறுங்கையோடு நின்றதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் பெருமைப்பட்டுக்கொள்கிற விஷயங்களில் அது ஒன்று.

கவிதா கேட்டாள், தினசரி என்ன செய்வீர்கள் என்று. குதிரை திரும்பி வந்ததும் சாஜ் சூடாக இருக்கும். அப்போதே ஈரத்துணியால் உள்பக்கத்தைத் துடைக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் உப்பு காய்ந்து தோலுக்குள் போய்விடும். பக்கிள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பக்கிளோடு சேர்த்துத் துடைப்பது முகம் கழுவாமல் பவுடர் போடுவது. கிளிசரின் சோப்பை நுரை வராமல் தேய்க்க வேண்டும். நுரை வந்தால் தண்ணீர் அதிகம் என்று பொருள். நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலும் ஆகாது, அடுப்பும் ஆகாது. எண்ணெய் முரட்டுப் பக்கத்தில் கொஞ்சமாக. மழைக்காலத்தில் பூஞ்சைக்கு வினிகர். இதெல்லாம் அழகுக்கு. உயிருக்குச் செய்வது வேறு. ஒவ்வொரு வாரையும் விரலைச் சுற்றி மடித்துப் பார்க்க வேண்டும். தோல் பிய்வதற்கு முன்னால் வெடிப்பு காட்டும், அது நேர்மையான பொருள். தையலை இழுக்க வேண்டும். ஓட்டைகள் முட்டை வடிவமாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பின்பட்டை. குதிரையின் பின்தொடையைச் சுற்றி வருகிற பட்டை அது. சமதரையில் அதற்கு வேலையே கிடையாது, சும்மா தொங்கும். இறக்கத்தில் வண்டி குதிரையின் காலில் வந்து மோதாமல் பிடித்து நிறுத்துவது அது ஒன்றுதான். சும்மா தொங்குகிறதே என்று அதை யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் லாயத்தில் பெரிய கல்யாணங்களுக்கென்று ஒரு கறுப்பு சாஜ் இருந்தது. கனமான தோல், பித்தளைப் பக்கிள். அதில் என் கைத் தையல் இல்லாத இடமே இல்லை. தொண்ணூற்றெட்டு வாக்கில் ஓனர் ஒரு வெள்ளை சாஜ் வாங்கி வந்தார். மேலே பளபளவென்று ரெக்சின், தங்க முலாம் போட்ட வளையங்கள், நெற்றியில் கண்ணாடிக் கற்கள். அதை விரலில் மடித்துப் பார்த்தேன். வழவழவென்று வளைந்தது. உள்ளே என்ன இருக்கிறது, துணியா அட்டையா, ஒன்றும் புரியவில்லை.

"ஓனர், இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்றேன்.

ஓனர் கன்னடக்காரர், ரங்கப்பா. எங்களோடு தமிழில்தான் பேசுவார். "அது எதுக்கம்மா பேசணும்? போட்டோல சூப்பரா விழுது, சாக்கு" என்றார். சாக்கு என்றால் கன்னடத்தில் போதும்.

சுபேதார் அந்தக் கொக்கியின் முன்னால் நிற்கவே மாட்டார். முகர்ந்தால் பிளாஸ்டிக் வாடைதானே வரும். நான் ஈரத்துணியால் துடைத்து, தையலை இழுத்துப் பார்த்து மாட்டிவைப்பேன். இழுத்தால் தையல் நிற்கும். அதற்கு மேல் அதில் எனக்கு வேலை தெரியவில்லை.

தசரா நெருங்கிய ஒரு காலை. முந்தின நாள் மத்தியானம் நான் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு சாஜ் அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நான் உள்ளே போனபோது சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. கொக்கிகளில் எல்லா சாஜும் நேராகத் தொங்கின. கறுப்பு மட்டும் தலைகீழாக.

அன்றைக்கு ஒரு கல்யாணம். மாப்பிள்ளையைக் கோவிலிலிருந்து ஏரிக்கரை மண்டபத்துக்குச் சாரட்டில் கொண்டுபோக வேண்டும். கறுப்பு சாஜைப் போடுவதாக இருந்தது. அதை முந்தின நாள் காலையில்தான் நான் முழுதாகப் பிரித்து, துடைத்து, பார்த்து மாட்டியிருந்தேன். சுபேதார் மைசூரில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். ஊருக்குப் போகும் முன் லாயத்துக்கு ஒரு நடை வந்துவிட்டுத்தான் போவார். வந்திருக்கிறார், பார்த்திருக்கிறார், மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, தேடுவோம் என்று மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கழுத்துப் பக்கம் ஒரு பொட்டு சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. இதற்காகவா? துடைத்தால் போகிற விஷயத்துக்கு அவர் மாட்டமாட்டார். கடிவாளத்திலிருந்து ஆரம்பித்தேன். வாயிரும்பில் சொரசொரப்பு இல்லை. கண்பட்டை விறைப்பாக இருந்தது, கண்ணில் இடிக்காது. லகானை முழுக்கக் கைக்குள் ஓட்டினேன். இழுவார் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன், முனைக்கு முனை பொருந்தியது. வயிற்றுப்பட்டை. முதுகு மெத்தை. வால்வார். பின்பட்டையை மடித்து மடித்துக் கை வலித்தது. ஒவ்வொரு பக்கிளின் மடிப்பிலும் நகத்தை விட்டேன். எல்லாம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

எனக்குப் பயம் வந்தது. தப்பு இருந்தால் எடுத்துவிடலாம். இருக்கிற தப்பு என் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால்?

சாரட்டு ஓட்டுகிற நஜீர் வாசலில் வந்து நின்றான். என்னைவிட வயதில் சின்னவன், வாய் மட்டும் பெரிசு. "இன்னாக்கா, சாஜுக்குப் பேன் பாக்கறியா? மாப்பிள்ளைக்குத் தாடி வளர்ந்துடும், குடு."

"இருடா. சுபேதார் மாட்டிட்டுப் போயிருக்காரு. என்னன்னு தெரியல."

"தெரியலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். குடுக்கா."

"எனக்கு எப்பவும் தெரிஞ்சிருக்குடா. இப்ப ஏன் தெரியல?"

பிறகு ஓனர் வந்தார். கையில் செல்போன், அப்போதுதான் புதிதாக வாங்கியிருந்தார். சுபேதாரின் மகள் வீட்டில் போன் கிடையாது. "பச்சம்மா, கல்யாண வீட்டுக்காரங்க போன் மேல போன் பண்றாங்க. பேகா, பேகா, சீக்கிரம்!"

"இதுல என்னமோ இருக்கு ஓனர். கண்டுபிடிக்காம தரமாட்டேன்."

"சுபேதார் மாட்டினத நீ பாத்தியா?"

"வேற யாரு மாட்டுவா?"

"அப்ப வெள்ளை?"

"அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தப்பு இருக்குன்னு தெரியாதுதானே?"

"நல்லாருக்குன்னும் தெரியாது."

ஓனர் நஜீரைப் பார்த்தார், நஜீர் என்னைப் பார்த்தான். ஒரு சாஜ் தப்பு என்று குறி போட்டுத் தொங்குகிறது. இன்னொன்றின் மேல் ஒரு குறியும் இல்லை. நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் எதை எடுப்பீர்கள்? நான் இன்றுவரை பலரிடம் கேட்டுவிட்டேன். எல்லோரும் வெள்ளையைத்தான் சொல்கிறார்கள். நஜீரும் வெள்ளையைத்தான் எடுத்தான். எடுத்ததை என் முன்னால் இழுத்துக் காட்டினான். தையல் நின்றது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். கோவிலில் மாப்பிள்ளை ஏறினான். கூட அவனுடைய மாமா, பட்டு வேட்டி, பெரிய தொப்பை. பேண்டு வாசித்தது. சமதரையில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மோத்தி, அதுதான் குதிரையின் பெயர், கல்யாணத்துக்கென்றே பிறந்த மாதிரி கழுத்தை வளைத்து நடந்தது. ஏரிக்குப் போகிற இறக்கம் வந்தது. நான் பின்பட்டையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அது இறுகியது. தங்க வளையத்துக்குப் பக்கத்தில் ரெக்சின் ஒரு சத்தமும் இல்லாமல் நீண்டது. தோலாக இருந்தால் முனகியிருக்கும். "நஜீரு!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் பட்டை வளையத்தைவிட்டு வந்துவிட்டது.

வண்டி மோத்தியின் பின்னங்காலில் மோதியது. மோத்தி பாய்ந்தது. கீழே பேண்டுக்காரர்கள், பெண்கள், ஆரத்தித் தட்டுகள். நஜீர் நேராகப் போகவில்லை. வீடு கட்ட ஒருவர் ரோட்டோரத்தில் மணல் கொட்டியிருந்தார். உடம்பு முழுக்க லகானில் சாய்ந்து குதிரையை அந்த மணல் மேட்டில் ஏற்றினான். சக்கரம் புதைந்து வண்டி நின்றது. அவன் நிற்கவில்லை. வலது கையை ஊன்றி ரோட்டில் விழுந்தான். மாப்பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை, தலைப்பாகை மட்டும் சாக்கடையில்.

யாரோ ஒருவர் உதவி செய்ய வந்து மோத்தியின் கடிவாளத்தைக் கழற்றப் பார்த்தார். நான் அவர் கையில் ஓர் அடி போட்டேன். வண்டியில் பூட்டியிருக்கிற குதிரைக்கு எது கழன்றாலும் கடிவாளம் கழலக் கூடாது. கண்பட்டை போய்விட்டால் பின்னால் கிடக்கிற வண்டியைப் பார்த்து அது மறுபடி ஓடும். "தலையப் புடிங்க, தலைய மட்டும் புடிங்க" என்று சொல்லிவிட்டு இழுவாரை அவிழ்த்தேன், பிறகு வயிற்றுப்பட்டை. வண்டியின் இரண்டு ஏர்க்காலுக்கும் நடுவிலிருந்து அதை முன்னால் நடத்தி வெளியே கொண்டுவந்தோம். அதற்கு உடம்பெல்லாம் நடுக்கம்.

"தலைப்பாகைக்கு யாரு பதில் சொல்றது?" என்று மாமா நடுரோட்டில் கத்தினார்.

ரோட்டில் உட்கார்ந்திருந்த நஜீர், தொங்குகிற கையை மறு கையால் பிடித்துக்கொண்டு, "மாமு, தலை இருக்குதுல்ல, அதுக்கு அல்லாவுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லு" என்றான். மாப்பிள்ளை சிரித்துவிட்டான். இறங்கி மண்டபத்துக்கு நடந்தே போனான்.

நஜீரை ஆட்டோவில் ஏற்றும்போது அவன் சிரிப்பு போய்விட்டது. "ஏன்க்கா கறுப்பு குடுக்கல?" என்று கேட்டான். கறுப்பில் என்ன தப்பு என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்?

லாயத்துக்குப் போய்க் கறுப்பை மடியில் போட்டேன். அன்றைக்கும் மறுநாளும் வேறு வேலை பார்க்கவில்லை. ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். பின்பட்டையை இரண்டு தோலாகப் பிளந்து உள்ளே பார்த்தேன். பிறந்த குழந்தையின் உள்ளங்கை மாதிரி இருந்தது. தப்பு இருந்திருந்தால் அழுதிருக்கலாம். இல்லையென்றானதும் அழுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். என் வேலை சுத்தம். என் வேலை சுத்தமாக இருந்து, கண்டுபிடிக்க ஒன்றும் கிடைக்காததால்தானே நஜீர் கை போயிற்று? அப்படிச் சொல்லலாமா? அப்படியும் சொல்ல முடியவில்லை.

சுண்ணாம்பு அடித்தவரைப் பிடித்துக் கேட்டேன். "எல்லாத்தையும் எறக்கினோம், அடிச்சோம், எல்லாத்தையும் மாட்டினோம். அதுல மேலு எது கீழு எது, எங்களுக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார்.

"மத்ததெல்லாம் எப்படி நேரா மாட்டினீங்க?"

"அதுவும் தெரியாது" என்றார். நியாயம்தான்.

சுபேதார் மைசூரிலிருந்து வந்தார். நஜீர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு நேராக சாஜ் அறைக்கு வந்தார். பிரித்துப் போட்ட கறுப்பு சாஜ் தரையெல்லாம் கிடந்தது.

"நான் மாட்டல பச்சம்மா. முந்தின நாள் சாயங்காலமே பஸ் ஏறிட்டேன்."

"தெரியும் ஐயா. இத்தனை வருஷமா நீங்க மாட்டின ஒவ்வொண்ணுலயும் நான் தப்பைக் கண்டுபிடிச்சேன். இதுல இல்ல. அதான் எனக்கு..."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "நான் மாட்டினதுல பாதி சும்மா மாட்டினது" என்றார்.

"சும்மான்னா?"

"எனக்கும் ஒண்ணும் தெரியாது. தேடட்டும்னு மாட்டினேன். நீ தேடினே. ஒவ்வொரு தடவையும் எதாவது கொண்டாந்தே. எனக்கே ஆச்சரியம்."

"அப்ப ஒண்ணும் கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா சாஜ் நல்லாருக்கு. பூட்டிக்கிட்டுப் போவ வேண்டியதுதான்."

"இத ஏன் ஐயா எனக்கு மொதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா தேடியிருப்பியா?"

எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றிவிட்டார் என்று வந்ததா, இல்லை, அவர் காட்டியதை நான் கண்டுபிடிக்கவில்லை, நானாகவே கண்டுபிடித்திருக்கிறேன் என்ற பெருமையில் வந்ததா, பிரித்துப் பார்க்க முடியவில்லை. "எந்தப் பாதி சும்மா? எலி கடிச்சதா? இழுவார் நீளமா இருந்ததா?" என்று கேட்டேன்.

"யாருக்கு ஞாபகம்?" என்றார். அதன் பிறகு அவர் எந்த சாஜையும் தலைகீழாக மாட்டவில்லை. நிஜமாகவே தப்பு இருந்தாலும் மாட்டவில்லை. கொக்கிச் சுவர் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. எல்லா சாஜும் நேராகத் தொங்கின. எதை நம்புவது?

வெள்ளை சாஜை ஓனர் அவராகவே எடுத்துக்கொண்டுபோய் எங்கேயோ போட்டுவிட்டார். நான் கறுப்பைத் திரும்பத் தைத்தேன்.

நஜீர் பொங்கல் கழித்து வந்தான். புத்தூர்க் கட்டைப் பிரித்திருந்தார்கள். வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது, லகானை இறுக்க முடியாது. மோத்திக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று ஓனர் யோசிக்க ஆரம்பித்திருந்தார். நஜீருக்கு ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது, வீட்டில் சாப்பிடுகிற வாய் நிறைய. "ஓனர், ஒரு வாட்டி ஓட்டிக் காட்டறேன், இடது கையாலேயே. அதே எறக்கத்துல. அப்பறம் பேசுங்க" என்றான். ஓனர் ஏரிக்கரையில் நிற்கிறேன் என்று ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டார்.

"அக்கா, கறுப்பக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். முன்பெல்லாம் வாங்கியதும் குதிரை மேல் வீசுவான். அன்றைக்கு மணையில் பரப்பி, ஒவ்வொரு வாராக மடித்துப் பார்த்தான். ஒரு கையால் மடிக்க வரவில்லை, நான் மறுமுனையைப் பிடித்தேன். என் வேலையை என் கண் முன்னால் ஒருவன் சோதிக்கிறான். வேறு யாராக இருந்தாலும் பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன்.

பின்பட்டையில் புதுத் தையலைப் பார்த்தான். "இது இன்னா?"

"பிரிச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. திரும்பத் தெச்சேன்."

"ஒண்ணும் இல்லாதத ஏன் பிரிச்சே?"

நான் மோத்தியை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். இருவரும் சேர்ந்து மோத்தியைப் பூட்டினோம். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினேன்.

"எங்க போறே? ஏறு."

"நானா?"

"வண்டி காலியா இருந்தா பின்பட்டைக்குப் பாரம் ஏது? ஏறுக்கா. உன் தையலு, நீயே ஒக்காரு."

அந்த லாயத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் எந்தச் சாரட்டிலும் ஏறியதில்லை. சிவப்பு மெத்தையில் எந்தப் பக்கம் உட்காருவது என்றுகூடத் தெரியவில்லை. நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் ஒரு பெண் என்னைப் பார்த்து, கல்யாணமா என்று கை ஜாடையில் கேட்டாள்.

இறக்கத்தின் உச்சியில் நஜீர் நிறுத்தினான். கீழே ஓனர் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நஜீர் லகான் முழுவதையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு நாக்கைச் சொடுக்கினான். வண்டி முன்னால் சாய்ந்தது. பின்பட்டை இறுகி என் பாரத்தை வாங்கிக்கொண்டது. பழைய கட்டிலில் யாரோ புரண்டு படுக்கிற மாதிரி தோல் முனகிற்று.

"அக்கா, தாங்குமா?" அவன் திரும்பாமல்தான் கேட்டான். குரலில் விளையாட்டு இல்லை.

என்னிடம் அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் தாங்கும் என்றோ தாங்காது என்றோ உடனே சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"தெரியலடா நஜீரு. நீ ஓட்டு" என்றேன்.